டேஷ்போர்டை அறுக்காதீர்கள்

பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி கண்ணில் படும் காயம் ஒன்று உண்டு. டேஷ்போர்டின் நடுவே, இருபுறமும் இரண்டு குமிழ், இடையில் சின்னதாக ஒரு டயல் கண்ணாடி என்று ரேடியோ இருந்த இடத்தில், ரம்பத்தால் அறுத்த செவ்வக ஓட்டை இருக்கும். நீளம் 182 மில்லிமீட்டர், உயரம் 53 மில்லிமீட்டர். ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பு வகுத்து, பிறகு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட கார் ஸ்டீரியோ அளவு அது. கடைக்காரர்கள் 'டின்' அளவு என்று சொல்வது இதைத்தான். அந்த ஓட்டைக்குள் நீல விளக்கு மின்னும் புது செட் ஒன்று சில வருடங்கள் பாடியிருக்கும். பிறகு அதுவும் பழசாகிக் கழற்றப்பட்டிருக்கும். ஓட்டை மட்டும் நிரந்தரம். 1960-களின் டேஷ்போர்டுக்கு மாற்று உதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு.

இந்தச் சேதம் முழுவதுமே தேவையற்றது என்பதுதான் என் ஆதங்கம். காரில் பாட்டு நன்றாகக் கேட்பதைத் தீர்மானிப்பவை ஸ்பீக்கர், அது பூட்டியிருக்கும் கதவு, ஆம்ப்ளிஃபையருக்குக் கிடைக்கும் வோல்டேஜ், எர்த் வயர் போகிற வழி ஆகியவை. இவற்றில் எதுவும் வெளியே தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற முகப்புக்கு ஒலியில் இருக்கும் பங்கு மிகக் குறைவு. முகப்பை அப்படியே விட்டுவிட்டு, காதுக்கு வேண்டியதையெல்லாம் அதன் பின்னால் செய்துகொள்ளலாம்.

வாட்ஸ் கணக்கிலிருந்து தொடங்குவோம். புது செட்டின் அட்டைப்பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பழைய செட்டின் சக்தி அஞ்சோ ஆறோ வாட்ஸ்தான் என்று கேட்டதும் பலருக்கு அதைக் கழற்றி எறியத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் பேட்டரி ஒன்றே. இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட். ஆம்ப்ளிஃபையர் என்னதான் திறமையானதாக இருந்தாலும், தனக்குக் கிடைக்கும் வோல்டேஜைத் தாண்டி ஸ்பீக்கரை ஆட்ட முடியாது. தாழ்ந்த கூரை வீட்டில் உயரமானவர் நிமிர்ந்தால் தலை இடிப்பதுபோல, அலையின் உச்சி அந்த வரம்பில் முட்டித் தட்டையாகிவிடும். கரகரப்பாகக் காதில் விழுவது அந்தத் தட்டைதான்.

பழைய செட்டுகளில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடி எர்த்தில் இருக்கும். அப்போது அலை மேலே 7.2 வோல்ட், கீழே 7.2 வோல்ட்தான் போய்வர முடியும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இதிலிருந்து கணக்குப்படி ஆறரை வாட்ஸ் கிடைக்கும். 1980-களில் எண்ணற்ற கார் செட்டுகளுக்குள் இருந்த டி.டி.ஏ. 2003 என்ற சில்லு 6 வாட்ஸ் கொடுத்தது. அதாவது இயற்பியல் அனுமதித்ததில் ஏறக்குறைய முழுவதையும் கொடுத்தது. பிறகு வந்த செட்டுகள் ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபையரைப் பூட்டி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்குமாறு செய்தன. ஆட்டம் இரட்டிப்பானதால் சக்தி நான்கு மடங்காகி, கணக்கில் 26 வாட்ஸ் வந்தது. நடைமுறையில் சுத்தமாகக் கிடைப்பது 18 முதல் 20 வாட்ஸ். அப்படியானால் அந்த 50 எங்கிருந்து வந்தது? அலையை முழுக்கத் தட்டையாக்கி, சதுர அலையாகவே ஸ்பீக்கருக்குள் தள்ளினால் 14.4-இன் வர்க்கத்தை 4-ஆல் வகுக்க வேண்டும். விடை 51.8. பாட்டே இல்லாமல் வெறும் கரகரப்பாக ஒலித்தால் கிடைக்கும் சக்தியைத்தான் அட்டையில் அச்சிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 144 வாட்ஸுக்கு மேல் உள்ளேயே தொடர்ந்து போக முடியாது. வெளியே 200 எப்படி வரும்?

ஆறு வாட்ஸுக்கும் இருபது வாட்ஸுக்கும் இடையே காது உணரும் வித்தியாசம் ஐந்து டெசிபெல்தான். சத்தம் இரட்டித்ததுபோல் தோன்ற பத்து டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே செட்டை மட்டும் மாற்றுவதால் வரும் ஆதாயம் செலவுக்கு ஈடாகாது. நிஜமான சக்தி வேண்டுமென்றால் இருக்கைக்கு அடியில் தனி ஆம்ப்ளிஃபையர் வைப்பதே வழி. அதற்குள் ஒரு சிறு மின்மாற்றிச் சுற்று இருக்கிறது. அது பேட்டரியின் 12 வோல்ட்டை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்து, ஏற்றி, பிளஸ் 25, மைனஸ் 25 வோல்ட் என்று இரண்டாக்கிக் கொடுக்கிறது. கூரை உயர்கிறது, 75 வாட்ஸ் சுத்தமாக வருகிறது. இப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் 'ஹை லெவல்' என்று ஓர் உள்வாய் இருக்கும். பழைய செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்த வயரை அப்படியே அதில் சொருகினால் போதும். செட்டின் உள்ளே கைவைக்கவே தேவையில்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். என் கருத்தில், பழைய காரின் ஒலிக்காகச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு கதவுக்கே போக வேண்டும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று இறுகுகிறது. அதே கணம் பின்பக்கக் காற்று தளர்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். ஒரு சாண் அகலக் கூம்பைச் சுற்றிக்கொண்டு பின்னலை முன்னே வர அந்தத் தூரத்தில் சிறு பங்குகூட ஆகாது. எனவே இறுக்கமும் தளர்ச்சியும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் பேஸ் கித்தாரும் காணாமல் போவது இப்படித்தான். பழைய காரின் கதவில் ரெக்சின் ஒட்டிய அட்டையைக் கழற்றினால், உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய துளைகள் இருக்கும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பூட்டுவதற்காகத் தொழிற்சாலை விட்ட வழிகள் அவை. பின்னலை முன்னே ஓடிவர அவையே ராஜபாட்டை. அலுமினியத் தகடு ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டால் அவற்றை மூடி, வெளித்தகட்டின் உள்பக்கத்திலும் சில துண்டுகளை ஒட்டினால் கதவு ஒரு பெட்டியாகிவிடுகிறது. அதே ஸ்பீக்கரில், அதே ஆறு வாட்ஸில், இல்லாத பேஸ் வந்து நிற்கும். கதவின் அடியில் மழைநீர் வடிகிற துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் இரண்டு மழைக்காலத்தில் கதவு துருப்பிடித்துவிடும்.

கதவு திறந்திருக்கும்போதே ஸ்பீக்கரையும் பார்த்துவிடலாம். கூம்பின் விளிம்பில் நுரை வளையம் இருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் சிதைந்து, தொட்டதும் தூளாக உதிரும். புது ஸ்பீக்கர் வாங்கும்போது அதன்மேல் எழுதிய வாட்ஸை விட்டுவிட்டு, 'சென்சிட்டிவிட்டி' என்று போட்டிருப்பதைப் படிக்க வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் கேட்கும் என்ற அளவு அது. 88 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபெல் ஸ்பீக்கர் போடுவது, ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஆறு வாட்ஸ் செட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஸ்பீக்கரின் ஆழத்தை அளக்க வேண்டும். இறங்கிய கண்ணாடி காந்தத்தில் இடித்தால் விரிசல் விடும். இடம் போதாவிட்டால் இடையில் பிளாஸ்டிக் வளையம் கொடுக்கலாம். மர வளையம் மழை ஈரத்தில் ஊதிவிடும். எல்லாம் முடிந்ததும் பழைய கிரில்லையே மேலே பூட்டிவிட்டால், உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஓம் விஷயத்தில் மட்டும் அலட்சியம் ஆகாது. 1960, 70-களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த டெல்கோ ரேடியோக்கள் 10 ஓம் ஸ்பீக்கருக்காக வடிவமைக்கப்பட்டவை. இன்று கடையில் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டினால் இரண்டரை மடங்கு மின்னோட்டம் ஓடி, கிடைத்தற்கரிய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கருகிவிடும். இன்னொரு பொறி இதற்கு நேர் எதிரானது. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஆட்டும் புது வகை செட்டைப் பழைய வயரிங்கில் இணைக்கும்போது, முன்பு பாடி எர்த்தில் கிடந்த ஸ்பீக்கர் முனை அப்படியே இருந்தால் ஒரு பக்க ஆம்ப்ளிஃபையர் நேராக ஷார்ட் ஆகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு தனி வயர் இழுப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அடுத்தது, போனில் இருக்கும் பாட்டைப் பழைய செட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி. கேசட் வடிவ அடாப்டர் ஒன்று உண்டு. அதிலுள்ள சிறு காந்தத்தலை, செட்டின் தலையோடு முகம் பார்த்து நின்று, நாடா இல்லாமலே காந்தப்புலத்தை மாற்றிக் காட்டும். செட்டுக்கு அது நாடா ஓடுவதாகவே தெரியும். அழகான ஏமாற்று, செலவும் குறைவு. ஆனால் இரு தலைகளும் துளி சாய்ந்து நின்றாலும் உச்ச ஸ்வரங்கள் மழுங்கும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வழி இன்னும் மோசம்; நகரத்தில் காலியான அலைவரிசை கிடைப்பதே அரிது. சிறந்த வழி செட்டைத் திறப்பதுதான்.

மேல்மூடியைக் கழற்றி, வால்யூம் குமிழின் பின்னால் பாருங்கள். மூன்று கால்கள். ஒன்று எர்த்துக்குப் போகும். நடுக்கால் ஆம்ப்ளிஃபையருக்கு. மூன்றாவது காலில்தான் ரேடியோவோ டேப்போ எதுவானாலும் வந்து சேர்கிறது. அந்த இடத்தில் சிக்னலின் அளவு ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. போனின் ஹெட்போன் வாயிலிருந்து வருவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, அந்தக் காலுக்கு வரும் வயரைப் பிரித்து, ஒரு சிறு ஸ்விட்ச் வழியாக, ரேடியோவா போனா என்று தேர்ந்தெடுக்கச் செய்தால் வேலை முடிந்தது. குமிழ் பழையது, சுற்றும் சுகமும் பழையது, பாட்டு மட்டும் போனிலிருந்து. போனின் வயரில் இரண்டு மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கெப்பாசிட்டர் போட்டே இணைக்க வேண்டும். அந்தக் காலில் நேர்மின்சாரம் கொஞ்சம் தங்கியிருக்கலாம். கெப்பாசிட்டர் அதைத் தடுத்து, ஒலியை மட்டும் விடும். செட் மோனோவாக இருந்தால் போனின் இடது, வலது வயர்களை ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஒரு பக்கம் மற்ற பக்கத்தோடு மல்லுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் 1,000 ஓம் ரெசிஸ்டர் கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

அவசரப்பட்டுச் சால்டரிங் அயனை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. 1980-களின் சில செட்டுகளில் பிலிப்ஸின் டி.டி.ஏ. 1524 போன்ற சில்லுகள் உண்டு. அவற்றில் வால்யூம் குமிழ் வழியாக ஒலியே போவதில்லை. 'இவ்வளவு சத்தம் வை' என்று சில்லுக்குச் சொல்லும் ஒரு நேர்மின்னழுத்தம் மட்டுமே போகும். அங்கே போனை இணைத்தால் பாட்டு வராது. சத்தம் மட்டும் கண்டபடி ஏறி இறங்கும். ஸ்டீரியோ செட்டில் வால்யூமுக்கு ஆறு கால்களுக்குப் பதில் மூன்று கால்களே இருந்தால் இந்த வகையாக இருக்கலாம் என்று நின்று நிதானிக்க வேண்டும். அப்போது சில்லின் உள்வாய்க் கால்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

புளூடூத் பலகையை உள்ளேயே பொருத்துகிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள் வரும். செட்டின் பெட்டி இரும்பு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை அதற்குள் நுழையாது. ஆன்டெனாவையோ பலகையையோ வெளியே கொண்டுவர வேண்டும். மற்றது 'டிர்ர்' என்ற மெல்லிய இரைச்சல். புளூடூத் பலகை மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை, வினாடிக்குப் பல நூறு தடவை விட்டுவிட்டு உறிஞ்சுகிறது. அந்த விக்கல் எர்த் வயரில் மில்லிவோல்ட் கணக்கில் ஏறி, ஒலியின் எர்த்தோடு கலந்துவிடுகிறது. உள்ளும் வெளியும் எர்த் தொடர்பே இல்லாத டிசி-டிசி கன்வெர்ட்டர் ஒன்றைப் பலகைக்குக் கொடுத்தால் இரைச்சல் அடங்கும்.

இன்ஜினின் வேகத்தோடு கூடவே ஏறி இறங்கும் ஊளைக்கும் இதுபோன்ற காரணமே. ஆல்டர்னேட்டர் மூன்று முனை மாறுமின்சாரத்தை ஆறு டயோடுகளால் நேராக்குகிறது. நேரானாலும் அலை முழுக்கத் தணிவதில்லை. பொதுவாக அதில் ஆறு ஜோடித் துருவங்கள். இன்ஜின் சும்மா ஓடும்போது ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், வினாடிக்கு 1,200 அலைகள் பிறக்கும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. செட் ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபையர் வேறிடத்திலும் பாடியில் எர்த் ஆகியிருந்தால், அந்த இரு இடங்களுக்கும் இடையேயுள்ள சின்ன மின்னழுத்த வேறுபாடு ஒலி வயரின் உறை வழியே ஓடி ஊளையாகிறது. பெயின்டைச் சுரண்டி, துருவை நீக்கி, இரண்டையும் ஒரே போல்ட்டில் எர்த் செய்வதே முதல் மருந்து. விலை கூடிய ஃபில்டரை வாங்குவது அதற்குப் பிறகு.

ரேடியோவையே நம்பியிருப்பவர்களுக்கு அலைவரிசையும் ஒரு சிக்கல். இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் சென்னையில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய இந்தியக் கார்களில் பெரும்பாலும் மீடியம் வேவ்தான் இருக்கும். நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டிருப்பதால் அதில் நாலரை கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிக்கு இடமே இல்லை. எந்த ஸ்பீக்கரும் அதை மீட்டுத் தராது. இலங்கையில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே ஓடும் பழைய ஜப்பானிய ரீகண்டிஷன் கார்களின் ரேடியோ, அந்நாளைய ஜப்பானின் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமானது. உள்ளூர் நிலையங்களோ 88-இலிருந்து 108 வரை பரவிக் கிடக்கின்றன. பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டி ஆன்டெனா வயரில் உட்கார்ந்து, வருகிற அலையோடு உள்ளேயே உண்டாக்கிய இன்னொரு அலையைக் கலந்து, எடுத்துக்காட்டாக 100-இல் வரும் நிலையத்தை 80-க்கு இறக்கிவிடும். 14 மெகாஹெர்ட்ஸ் அகலச் சட்டத்துக்குள் 20 மெகாஹெர்ட்ஸ் அடங்காது என்பதால் ஓரத்தில் சில நிலையங்கள் விடுபட்டுப்போகும். என்றாலும் தொழிற்சாலை கொடுத்த செட் அதன் இடத்தில் இருக்கிறது. எனக்கு அது பெரிய லாபமாகவே படுகிறது.

உயிர்போன செட்டை என்ன செய்வது? பல சமயம் அது சாகவில்லை, காய்ந்திருக்கிறது. மின்பகு கெப்பாசிட்டரின் உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தில் ஆவியாகும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. வெயிலில் நிற்கும் கார் அதை எதிர்த்திசையில் நிரூபிக்கிறது. பத்து இருபது கெப்பாசிட்டர்களை மாற்றினாலே பல செட்டுகள் எழுந்து பேசும். அதற்கும் மசியாவிட்டால் மட்டும் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டுப் புதிய பலகையை வைத்து, டயலையும் குமிழ்களையும் காப்பாற்றலாம். ஓடுகிற செட்டின் குடலை உருவுவதற்கு நான் உடன்பட மாட்டேன். பழைய தோற்றத்தில் புதிதாகவே செய்து விற்பவர்களும் உண்டு. போர்ஷே நிறுவனம் 2020-இல் தன் பழைய 911 கார்களுக்காக, அந்தக் காலத்து முகப்போடும் குமிழ்களோடும், போன் இணைப்பும் வழிகாட்டியும் உள்ளே வைத்த செட்டை வெளியிட்டது. இத்தனை மதிப்புள்ள நிறுவனமே டேஷ்போர்டை அறுக்காமல் இருக்க இவ்வளவு மெனக்கெடுகிறது என்பதை, ரம்பத்தைக் கையில் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கடைசியாக வயரிங். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடி எர்த். இன்றைய ஆம்ப்ளிஃபையரை யோசிக்காமல் மாட்டினால் அந்தக் கணமே போய்விடும். அந்தக் கார்களில் இருந்த லூகாஸ் சி-40 டைனமோ கொடுப்பது மொத்தமே 22 ஆம்பியர். முகப்பு விளக்கும் வைப்பரும் எடுத்தது போக மிஞ்சுவதில் பழைய வகை ஆம்ப்ளிஃபையர் திணறும்; 85 சதவீதத்துக்கு மேல் திறன் கொண்ட கிளாஸ்-டி வகையே தாக்குப்பிடிக்கும். ஆம்ப்ளிஃபையருக்குத் தனி வயர் பேட்டரியிலிருந்தே வர வேண்டும். ஐம்பது வயதான காரின் பழைய வயர்களில் புதுச் சுமையை ஏற்றக் கூடாது. இன்ஜின் அறைத் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் தகட்டின் விளிம்பு வயரின் உறையை அறுத்துவிடும். ஆம்ப்ளிஃபையரிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது ஆம்ப்ளிஃபையருக்கு. வயர் நடுவழியில் பாடியைத் தொட்டால் பேட்டரி தன் முழுப் பலத்தையும் அதில் கொட்டும், சில வினாடிகளில் உறை தீப்பிடிக்கும். அதைத் தடுக்கும் ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும்.